மோழைக் காளை தேடும் சின்ன மந்தைக்காரர்களுக்கு

எங்கள் கொட்டகை மலேசியாவில், பினாங்கு மாநிலத்து நிபோங் திபால் பக்கம், செம்பனைத் தோட்டத்தை ஒட்டி இருக்கிறது. 18 பசுக்கள், எல்லாம் கேகே என்று நாம் சொல்லும் கெடா கிளந்தான் என்ற சின்ன நாட்டு இனத்தின் கலப்பு. சில வருஷத்துக்கு முன்னால் ஒரு சாயங்காலம் தீவனத்துக்குத் தாவூ சக்கை, அதாவது சோயா பிழிந்த சக்கை, வந்து இறங்கியதும் எல்லாம் தொட்டிக்கு முண்டியடித்துக்கொண்டு வந்தன, மூத்த பசு ஒன்று தலையைச் சிலுப்பியது, பக்கத்தில் நின்ற நிறைசினைக் கிடாரியின் மடியில் கொம்பு ஏறிவிட்டது. அது கத்தக்கூட இல்லை. ஒரு அடி பின்னால் போய் நின்றது. வாளியைக் கீழே போட்டுவிட்டு ஓடிப்போய்க் குனிந்து பார்த்தால் பின்காம்புக்கு மேலே இரண்டு விரல் நுழையும் அளவுக்குக் கிழிசல், இரத்தம் கால் வழியாகக் குளம்பு வரை இறங்கிக்கொண்டிருந்தது. டாக்டர் வந்து தைத்தார். கிடாரி கன்று போட்டது, கன்றும் பிழைத்தது, அந்தக் காம்பில் மட்டும் இன்றுவரை பால் இல்லை.

அதற்கப்புறம்தான் கொம்பில்லாத மாட்டைப் பற்றி ஒழுங்காகத் தெரிந்துகொள்ள ஆரம்பித்தேன். தமிழில் இதற்கு மோழை என்று நல்ல சொல் இருக்கிறது, ஏழை என்றால் மோழையும் பாயும் என்று சொல்வோமே, அந்த மோழைதான். தெரிந்ததை ஒரே இடத்தில் எழுதிவிடுகிறேன், கேட்கிறவர்களுக்கெல்லாம் போனில் சொல்லி முடியவில்லை.

முதலிலேயே ஒன்று. மோழை என்பதற்காக மட்டும் ஒரு காளையை வாங்காதீர்கள். நல்ல காளையாகத் தேடுங்கள், தேடியதில் மோழை இருந்தால் அதை எடுங்கள். கொம்புக் குருத்தைக் கன்றிலேயே தீய்த்துவிடலாம், பத்து நிமிஷ வேலை. கோணல் காலையும் குறைந்த பாலையும் கெட்ட குணத்தையும் அப்படித் தீய்க்க முடியாது, அது மகளுக்கும் போகும், பேத்திக்கும் போகும்.

சரி, கணக்குக்கு வருகிறேன். ஒவ்வொரு மாட்டுக்கும் கொம்பு விஷயத்தில் இரண்டு நகல் இருக்கிறது, தாயிடமிருந்து ஒன்று, தகப்பனிடமிருந்து ஒன்று. மோழை நகல் ஓங்கியது, ஒன்று இருந்தாலே கொம்பு முளைக்காது. அதனால் மோழையாகத் தெரியும் மாட்டில் இரண்டு வகை: இரண்டு நகலுமே மோழை என்றால் நான் இரட்டை மோழை என்பேன், ஒன்று மட்டும் என்றால் ஒற்றை மோழை. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். கொம்புள்ள பசுவிடம் இரண்டுமே கொம்பு நகல்தான், அதற்குள் மோழை ஒளிந்திருக்காது. இது பலருக்குப் பிடிபடுவதில்லை. கொம்புள்ள காளையையும் கொம்புள்ள பசுவையும் சேர்த்து மோழைக் கன்று பிறந்ததென்றால் அநேகமாக வேறு காளை வேலி தாண்டி வந்திருக்கிறது.

இரட்டை மோழைக் காளையைக் கொம்புள்ள பசுக்களிடம் விட்டால் பிறக்கும் எல்லாக் கன்றும் மோழை, ஆனால் எல்லாமே ஒற்றை. ஒற்றை மோழைக் காளையை விட்டால் பாதிக்குப் பாதி. ஒற்றைக்கும் ஒற்றைக்கும் சேர்த்தால் 4 கன்றில் 3 மோழை, 1 கொம்பு, அந்த 3லும் ஒன்றுதான் இரட்டை. இதெல்லாம் நிறையக் கன்றுகளில் வரும் சராசரி, உங்கள் கொட்டகையில் ஒற்றை என்று சொல்லி வாங்கிய காளைக்கு ஒரு வருஷம் 5 கன்று பிறந்து 4க்குக் கொம்பு இருந்தால் காளைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று உடனே சண்டைக்குப் போக வேண்டாம்.

ஆனால் ஏமாற்றும் நடக்கிறது, எனக்கே நடந்தது. முதன்முதலில் நான் வாங்கிய மோழைக் காளை கன்றிலேயே தீய்க்கப்பட்டது. விற்றவர் சொன்னதை நம்பினேன், தலையில் கை வைத்துப் பார்க்கவில்லை. ஒரு முழு வருஷக் கன்றுகளுக்கும் கொம்பு முளைத்தபோதுதான் தெரிந்தது. ஆகவே காளையைக் கட்டிப்போடச் சொல்லி இரண்டு காதுக்கும் நடுவே உச்சியில் கையை வையுங்கள். பிறவி மோழைக்கு உச்சி கூம்பி, முட்டையின் குறுகின முனைபோல மேலே எழும்பி இருக்கும். தீய்த்த மாட்டுக்கு உச்சி தட்டையாக அகன்றிருக்கும், கொம்பு இருக்க வேண்டிய இடத்தில் மயிர் முளைக்காத வழவழப்பான தழும்போ, சின்ன முடிச்சோ விரலில் தட்டும். பிறந்த கன்றிலும் பார்க்கலாம்: கொம்பு வரப்போகும் கன்றுக்கு அந்த இரண்டு இடத்திலும் மயிர் சுழித்திருக்கும், நடுவில் பயறு அளவுக்கு ஒரு மொட்டு விரலுக்குத் தெரியும். மோழைக் கன்றுக்கு அந்த இடம் ஒரே சமமாக ஓடும்.

சில மோழைக் கன்றுகளுக்குப் பல மாதம் கழித்து அதே இடத்தில் சின்னதாக ஏதோ முளைக்கும். பயந்துவிடாதீர்கள். பிடித்து ஆட்டிப் பாருங்கள், ஆடினால் அது தோலோடு ஒட்டிய அரைக் கொம்பு, மண்டை எலும்போடு சேரவில்லை. இது காளைக் கன்றுகளில்தான் அதிகம், பெரும்பாலும் ஒற்றை மோழையில்தான் வரும். அதனால் ஆடும் அரைக் கொம்போடு ஒரு காளையைக் காட்டி இரட்டை மோழை என்று விலை சொன்னால் பரிசோதனைத் தாளைக் கேளுங்கள்.

பரிசோதனை என்றால் மரபணுப் பரிசோதனை. வேரோடு பிடுங்கிய வால் மயிர் போதும். மோழைக்குக் காரணமான மாற்றம் மாட்டின் 1ஆம் குரோமோசோமில் இருக்கிறது, இதுவரை தெரிந்தது 4 வகை: செல்டிக், ஃப்ரீசியன், மங்கோலியன், குவாரானி. ஆங்கஸ், ஹெர்ஃபோர்டு போன்றவற்றில் செல்டிக், ஹோல்ஸ்டீன் பால்மாட்டில் ஃப்ரீசியன், நெலோர் என்ற திமில் மாட்டில் குவாரானி. பரிசோதனைக்கூடத்திடம் எந்தெந்த வகையைப் பார்ப்பீர்கள் என்று முதலிலேயே கேளுங்கள், ஏனென்றால் திமில் மாட்டுக் கலப்புக் காளையின் மயிரை அனுப்பி, அங்கே இரண்டு வகையை மட்டும் பார்த்துவிட்டு இல்லை என்று எழுதினால் அதை வைத்து முடிவெடுக்க முடியாது.

பரிசோதனை செய்ய வழியில்லை என்றால் பழைய முறை இருக்கிறது. கொம்புள்ள பசுக்களிடம் காளையை விட்டுக் கன்றுகளை எண்ணுங்கள். ஒரே ஒரு கன்றுக்குக் கொம்பு வந்தாலும் காளை ஒற்றைதான், கதை முடிந்தது. 5 கன்றும் மோழை என்றால், ஒற்றைக் காளைக்கு அப்படி அமைய 32ல் ஒரு வாய்ப்பு. 7 கன்றும் மோழை என்றால் 128ல் ஒன்று, அதற்குமேல் நான் சந்தேகப்படமாட்டேன். ஒரு வருஷம் பொறுத்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

இனி எந்த இனம் என்ற கேள்வி. இதில்தான் சின்ன மாடு வைத்திருக்கிறவர்கள் கையைச் சுட்டுக்கொள்கிறோம். கேகே பசு 200 கிலோவைக் கொஞ்சம் தாண்டும், கன்று பிறக்கும்போது 15 கிலோ ஒட்டி இருக்கும், அந்த இடுப்பு அந்தக் கன்றுக்குத்தான். மோழை வேண்டும் என்று பெரிய இனத்துக் காளையைக் கொண்டுவந்து இதன்மேல் ஏறவிட்டால் பசுவின் முதுகு தாங்காது, தாங்கினாலும் கன்று வெளியே வராது. டிராட்மாஸ்டர் ஆஸ்திரேலியாவின் வடக்கு குயின்ஸ்லாந்தில் உருவான இனம், வெப்பத்தையும் உண்ணியையும் நன்றாகத் தாங்கும், பெரும்பாலும் மோழை, நம் நாட்டுக்கும் வந்திருக்கிறது. ஆனால் வளர்ந்த காளை 700 கிலோவுக்கு மேல் போகும். பிராங்கஸும் பெரிசு. செனபோல் கரீபியனில் செயின்ட் குரோய் தீவில் உருவானது, மோழை, மயிர் குட்டையாக வழுவழுவென்று இருப்பதால் வெயில் தாங்கும், சாதுவும்கூட, ஆனால் அதுவும் கேகேவைவிடப் பெரிசு. அளவில் நமக்குக் கிட்ட வருவது லோலைன், நியூ சவுத் வேல்ஸில் டிரேஞ்சி ஆராய்ச்சி நிலையத்தில் 1974ல் தொடங்கிய ஆங்கஸ் தேர்வில் சின்னதாக நின்றுவிட்ட பிரிவு. கறுப்பு, மோழை, உருண்டையான உடம்பு. ஆனால் அது குளிர்நாட்டு ரத்தம், நம் ஊர் வெயிலுக்குச் சுத்த லோலைன் மூச்சு வாங்கும், கலப்பில் பாதிக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்வேன்.

டெக்ஸ்டர் என்ற அயர்லாந்துச் சின்ன மாட்டின் மேல் இப்போது பலருக்கு ஆசை. அழகான மாடு, மோழை வரிசையும் உண்டு. ஆனால் அதில் குட்டைக்கால் மரபணு ஒன்று ஓடுகிறது, அதைச் சுமக்கும் காளையையும் சுமக்கும் பசுவையும் சேர்த்தால் 4ல் ஒரு கன்று உருக்குலைந்து செத்துப் பிறக்கும். சுமக்கவில்லை என்று பரிசோதனைத் தாள் இல்லாமல் டெக்ஸ்டர் விந்து எதையும் தொடாதீர்கள்.

நான் செய்ததும் மற்றவர்களுக்குச் சொல்வதும் இதுதான்: பெரிய காளையை நேரே கொண்டுவராமல் சினை ஊசி வழியாக ஆரம்பியுங்கள். மந்தையில் மூன்று நான்கு ஈற்று கண்ட, இடுப்பு அகன்ற, சிரமமில்லாமல் கன்று போட்ட பசுக்களில் மூன்றை எடுங்கள். கிடாரிக்கு வேண்டவே வேண்டாம், தலைச்சன் ஈற்றில் பெரிய கன்று வந்தால் இரண்டு உயிர் போகும். விந்து வாங்கும்போது அந்தக் காளையின் கன்றுகள் பிறக்கும்போது எவ்வளவு எடை, பிரசவம் சுலபமா என்ற குறிப்பைப் பாருங்கள், மோழை இரட்டையா ஒற்றையா என்பதையும் அதிலேயே எழுதியிருப்பார்கள். வெளிநாட்டு விந்துக்கு இறக்குமதி அனுமதியும் கால்நடை சேவைத் துறையின் நிபந்தனைகளும் உண்டு, அதைத் தனி ஆளாகச் செய்து அலையாமல் நாலைந்து பேர் சேர்ந்து உங்கள் மாவட்டக் கால்நடை அலுவலகத்தில் பேசுவது நல்லது.

பசு பருவத்துக்கு வருவது 21 நாளுக்கு ஒரு தடவை. மற்ற மாடு ஏறும்போது அசையாமல் நிற்கிறதா, அதுதான் சரியான அடையாளம். காலையில் பார்த்தால் சாயங்காலம் ஊசி, சாயங்காலம் பார்த்தால் மறுநாள் காலை. நம் ஊர் வெயிலில் பகலில் எதுவும் காட்டாது, விடியற்காலை 5 மணிக்கும் ராத்திரி 10 மணிக்கும் டார்ச்சோடு ஒரு சுற்று போய்ப் பாருங்கள்.

இப்படிப் பிறக்கும் கலப்புக் காளைக்கன்றில் ஒன்றுதான் உங்கள் பொலிகாளை. அது ஒற்றை மோழையாகத்தான் இருக்கும், பரவாயில்லை. உடம்பும் நடுத்தரமாக வரும், நம் மண்ணிலேயே வளர்ந்ததால் வெயிலும் பழகியிருக்கும். அதை மந்தையில் விட்டால் பாதிக் கன்று மோழை. ஊசி போட்ட நாளிலிருந்து அந்தக் காளையின் கன்றுகளைப் பார்க்க மூன்று, மூன்றரை வருஷம் ஆகும், அவசரப்படுகிறவர்களுக்கு இது ஒத்துவராது. அடுத்த காளை வேறொரு மோழை வரிசையிலிருந்து வர வேண்டும். அதை உங்கள் மோழைக் கிடாரிகளோடு சேர்க்கும்போது இரட்டை மோழைகள் பிறக்க ஆரம்பிக்கும்.

வேறொரு வரிசை என்பதை அழுத்திச் சொல்கிறேன். மோழைக் காளை கிடைப்பது அரிது, அதனால் ஒரே காளையைப் பத்து வருஷம் வைத்துக்கொள்ளத் தோன்றும். மகளையே அதற்குச் சேர்த்தால் பிறக்கும் கன்றின் ரத்த நெருக்கம் 25 சதவீதம், ஒரே தகப்பனுக்கு வேறு வேறு தாயிடம் பிறந்த அண்ணன் தங்கை சேர்ந்தால் 12.5. இது உடனே கண்ணுக்குத் தெரியாது. சினை பிடிக்க இரண்டு மூன்று தடவை ஆகும், கன்று மெலிந்து பிறக்கும், கழிச்சல் வந்தால் எழுந்திருக்காது, நாம் தீவனத்தைக் குறை சொல்லிக்கொண்டிருப்போம். மகள்கள் பருவத்துக்கு வரும் முன் காளையை மாற்றிவிடுங்கள், இரண்டரை வருஷம் கணக்கு. பக்கத்தில் நம்பிக்கையான கொட்டகைக்காரர் இருந்தால் காளையைப் பண்டமாற்றாக மாற்றிக்கொள்ளலாம், அனுப்புவதற்கும் வாங்குவதற்கும் முன் இரண்டு பக்கமும் கருச்சிதைவு நோய்க்கு இரத்தம் பரிசோதித்து, வந்த காளையை ஒரு மாதம் தனியே கட்டி வையுங்கள். 2021ல் தோல்கழலை நோய் இந்த நாட்டுக்குள் வந்தபோது என்ன பாடுபட்டோம் என்று மறந்திருக்க மாட்டீர்கள்.

காளையைத் தேர்ந்தெடுக்கும்போது நான் பார்க்கும் வரிசை இப்படி. முதலில் தாய், அதன் மடி எப்படி, எத்தனை கன்று போட்டது, வருஷா வருஷம் போட்டதா. தாயைக் காட்ட மாட்டேன் என்கிறவரிடம் வாங்க மாட்டேன். அப்புறம் கால், பின்னாலிருந்து நடக்க விட்டுப் பாருங்கள், பின்னங்கால் குளம்பு முன்னங்கால் பதிந்த இடத்துக்குப் பக்கத்தில் விழ வேண்டும், நொண்டிக் காளை ஏறாது. அப்புறம் விரை. இரண்டும் சமமாக, தொட்டால் கெட்டியாக, பைக்குள் தாராளமாக அசைய வேண்டும். குளிர்நாட்டு இனங்களில் 15 மாதத்தில் சுற்றளவு 30 செண்டிமீட்டர் இருக்க வேண்டும் என்பார்கள், சின்னத் திமில் மாட்டுக்கு அந்த அளவு வராது, ஒரே வயதுக் காளைகளில் பெரிசு எது என்று பார்த்தால் போதும். விரை பெரிசாக உள்ள காளையின் மகள்கள் சீக்கிரம் பருவத்துக்கு வரும், அது நமக்கு இலாபம். கால்நடை மருத்துவரிடம் விந்தையும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள். ஒரு விந்தணு உருவாக 60 நாள் போல ஆகும், அதனால் காளைக்குக் கோமாரியோ கடும் காய்ச்சலோ வந்து தெளிந்த பிறகும் இரண்டு மாதம் பசு சினை பிடிக்காமல் போகலாம், பசுவைக் குறை சொல்லிச் சந்தைக்கு அனுப்பிவிடாதீர்கள்.

குணத்தை நான் கடைசியில் எழுதினாலும் அது கடைசி விஷயமில்லை. கொம்பில்லை என்றால் சாது என்று நினைப்பது பெரிய தவறு, பழமொழியே மோழையும் பாயும் என்றுதான் சொல்கிறது. நெற்றியால் சுவரோடு சேர்த்து ஒரு அழுத்து அழுத்தினால் நெஞ்செலும்பு போய்விடும். மூக்கணாங்கயிறு இல்லாமல் காளையை வைக்காதீர்கள், கன்றாக இருக்கும்போது தலையோடு தலை முட்டி விளையாடப் பழக்காதீர்கள், காளை இருக்கும் இடத்தில் பிள்ளைகளைத் தனியே விடாதீர்கள். ஆளைப் பார்த்து மண்ணைக் கிளறும் காளை எவ்வளவு அழகான மோழையாக இருந்தாலும் நான் வைத்துக்கொள்ள மாட்டேன்.

காளை ஒன்றுக்கு 20 பசுவுக்கு மேல் வேண்டாம், ஒன்றரை வயதுக் காளைக்கு 10 போதும்.

எங்கள் பெரியப்பாவுக்கு இதில் ஒரு வருத்தம் இருந்தது. "ஏம்ப்பா, மாட்டுப் பொங்கலுக்குக் கொம்பில் சாயம் பூசாமல் எதில் பூசப் போகிறாய்?" என்று கேட்டார். எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது, தைப்பூசத்துக்குப் பினாங்குத் தண்ணீர்மலைக் கோயிலுக்கு வெள்ளி ரதத்தை இழுத்துப் போகும் மாடுகளின் கொம்பைப் பார்த்து வளர்ந்தவர்கள்தானே நாங்கள். "பெரியப்பா, நெற்றியில் பொட்டு வைத்து, கழுத்தில் மாலை போட்டுவிடுகிறேன், கொம்பு கிழித்த அந்த மடியை வந்து ஒரு தடவை பாருங்கள்" என்றேன். வந்து பார்த்தார். ஒன்றும் பேசவில்லை, போன பொங்கலுக்கு மோழைக் கிடாரிக்கு அவரே மாலை கட்டிக்கொண்டு வந்தார்.

இடையில் பிறக்கும் கொம்புக் கன்றுகளை என்ன செய்வது என்று கேட்பீர்கள். இரண்டு மாதத்துக்குள், மொட்டு மண்டை எலும்போடு ஒட்டும் முன் தீய்த்துவிட வேண்டும், மரத்துப்போகும் ஊசியும் வலி மருந்தும் கொடுத்துத்தான். ஊசியில்லாமல் இரும்பைக் காய்ச்சி வைப்பது நம் அப்பா காலத்துப் பழக்கம், அந்தச் சின்ன உயிர் துடிப்பதை ஒரு தடவை பிடித்துக்கொண்டு நின்றவர்களுக்குத் தெரியும், இனி அது வேண்டாம். வளர்ந்த மாட்டின் கொம்பை அறுப்பது இன்னும் மோசம், உள்ளே மண்டையின் காற்றறை திறந்துகொள்ளும், ஈ மொய்க்கும், சீழ் பிடிக்கும்.

ஒவ்வொரு கன்றுக்கும் நோட்டில் ஒரு வரி: தாய், தகப்பன், பிறந்த தேதி, பிறந்த எடை, தலை மோழையா கொம்பா, பிரசவத்தில் கை கொடுக்க வேண்டியிருந்ததா. எடை பார்க்கத் தராசு இல்லையென்றால் கன்றைத் தூக்கிக்கொண்டு வீட்டுத் தராசில் ஏறி உங்கள் எடையைக் கழித்துக்கொள்ளுங்கள். முதல் வாரத்திலேயே வால் மயிரும் எடுத்து வைத்துவிடலாம். வாலின் நுனிக்குச் சற்று மேலே, காய்ந்த இடமாகப் பார்த்து, பத்துப் பத்தாக விரலில் சுற்றி வெடுக்கென்று மேல்நோக்கி இழுங்கள், முனையில் வெள்ளையாக வேர் தெரிய வேண்டும், வேர் இல்லாமல் அறுந்த மயிர் எதற்கும் ஆகாது. முப்பது மயிர் போதும். காகித உறையில் போட்டு, கன்றின் எண்ணை உறைமேல் எழுதுங்கள். பிளாஸ்டிக் பையில் போட்டால் நம் ஊர் ஈரத்துக்குப் பூஞ்சை பிடித்துவிடும்.